மூன்றாம் மாடி மூச்சு

ஜூன் 3, செவ்வாய்

ஒரு சட்டைக்குக் கழுத்து வெட்டுவதற்குள் இரண்டு முறை உட்கார்ந்துவிட்டேன். என் நுரையீரல் நோயின் பெயரை முழுதாகச் சொல்வதற்குள்ளேயே மூச்சு வாங்கும். லட்சத்தில் ஒருவருக்குத்தான் வருமாம். லாட்டரி ஒருநாளும் விழாத எனக்கு இது விழுந்திருக்கிறது.

தம்பி வந்தான். "மூணு மாடி உனக்கு ஆகாதுக்கா. எங்க வீட்டுக் கீழ் ரூமுக்கு வந்துடு." அந்த அறையில் கட்டில் போட்டால் தையல் மெஷினுக்கு இடமில்லை. மெஷின் இல்லாமல் நான் எதற்கு? மாதக் கடைசிவரை அவகாசம் கெஞ்சி வாங்கியிருக்கிறேன்.

ஜூன் 6, வெள்ளி

மூச்சுப் பயிற்சி வகுப்பு. தம்பிதான் கைத்தாங்கலாக இறக்கிக் கூட்டிப்போனான். பயிற்சிக்கென்று வைத்திருந்த பலகைப் படியில் ஏறி இறங்கினேன். "வாயைக் குவிச்சு ஊதிக்கிட்டே ஏறுங்க. மூச்சை மட்டும் அடக்காதீங்க" என்றார் பயிற்சியாளர். எல்லோரும் துருத்தி மாதிரி ஊதினோம். ஒருவருக்கும் வெட்கமில்லை.

ஜூன் 11, புதன்

சுவர். ஜன்னல். சுவர்.

ஜூன் 13, வெள்ளி

விழுந்தேன். தனியாகப் படி ஏறிப் பழகலாமென்று இறங்கினேன். திரும்பும்போது இரண்டாம் மாடிக்காரி வாசலில் நிற்கிறாள். என் இரைப்பு அவள் காதில் விழக்கூடாதென்று மூச்சை அடக்கிக்கொண்டு விடுவிடுவென்று ஏறினேன். கண் இருட்டிவிட்டது. கைப்பிடி கிடைத்ததால் மண்டை தப்பியது. ச்சே! அவ கேட்டா எனக்கென்ன? எதுக்கு இந்த வீம்பு?

அவளே தம்பிக்குப் போன் செய்துவிட்டாள்.

ஜூன் 14, சனி

"இனிமே வாசப்படி தாண்டாதே" என்று சொல்லிவிட்டுத் தம்பி அழுகிறான். கெட்டவனாக இருந்தால் சண்டையாவது போடலாம். பாசத்தோடு எப்படி மல்லுக்கட்டுவது?

ஜூன் 17, செவ்வாய்

வகுப்புக்கு மட்டும் தம்பி கூட்டிப்போனான். நான் விழுந்த காரணத்தைப் பயிற்சியாளர் உடனே கண்டுபிடித்துவிட்டார். "மூச்சை அடக்கினீங்களா?" பொய் சொல்ல வாய் வரவில்லை. "இங்க பாதிப் பேர் அப்படித்தான் விழுந்திருக்காங்க. சத்தம் வரட்டுமே! ஒவ்வொரு திருப்பத்துலயும் நின்னு ஏறுங்க."

ஜூன் 28, சனி

தம்பி என்னைத் தன் வீட்டுக்கு அழைத்துப்போக வந்தான். "ஒரே ஒரு தடவை பாரு" என்று அவனைக் கூட்டிக்கொண்டு கீழே இறங்கி, மறுபடி ஏறினேன். உஸ்… உஸ்… கட்டடம் முழுக்கக் கேட்டிருக்கும். இரண்டாம் மாடிக்காரி எட்டிப் பார்த்தாள்.

"என்னங்க, முடியலையா?"

"முடியுது. அதான் இந்தச் சத்தம்."

நின்று நின்று வந்து சேர்ந்தேன். தம்பி தொடவே இல்லை. கை மட்டும் என் முதுகுப் பக்கம் நீண்டே இருந்தது.

தனியாகக் கிளம்பும்போது, "என் பேன்ட் இடுப்பு பிடிக்குதுக்கா, கொஞ்சம் பிரிச்சுத் தர்றியா?" என்றான்.

அடுத்த வாரம் மேலே வந்து வாங்கிக்கொள்ளச் சொன்னேன்.