பள்ளி என்று கேட்டேன்

ஜனவரி 11, 2025

இன்றைக்கும் வெள்ளைச் சீருடைதான். ஸ்கூல் திறக்குமுன் எல்லாருக்கும் ஒரே நாளில் வேண்டும். அளவு கொடுக்க வருவதோ கடைசி நேரத்தில். திட்டிக்கொண்டே தைத்தேன்.

மத்தியானம் கஞ்சி பருக்கும்போது உம்மா என் கையைப் பிடித்து நிறுத்தினார்.

"ஜவ்பர்ட முகம் வருதில்ல மகள். நேத்தும் பாத்தன். வருதில்ல."

இதயம் பாதிதான் வேலை செய்கிறது, விரும்பினதைக் கொடுங்கள் என்று சொல்லி டொக்டர் வீட்டுக்கு அனுப்பிவிட்டார். உம்மா வாய்விட்டுக் கேட்ட ஒரே ஒரு சாமான் மகனின் முகம். நான் எங்கே போவேன்?

தொண்ணூறில் புலிகள் மன்னாரிலிருந்து முஸ்லிம்கள் எங்களை விரட்டியபோது, உம்மாவின் ஒரே மகன், எனக்கு மூத்த ஜவ்பர் நானா வள்ளத்திலிருந்து கடலில் விழுந்தார். பதினைந்து வயது. மையத்து கரைக்கு வரவில்லை, அடக்கின கப்று என்று ஒன்றும் இல்லை. படங்கள் எல்லாம் அலுமாரியோடு ஊரிலேயே போயின. எனக்கு அவர் முகம் கொஞ்சம் வருகிறது — அவர் சிரிக்கிற முகம் மட்டும்.

ஜனவரி 13

மதுரங்குளிக்கு, ரஸாக் சேருக்குப் போன் எடுத்தேன். ஊரில் எங்களுக்குக் கணக்குப் படிப்பித்தவர். எங்கள் ஸ்கூலுக்கு நூறு வயதான எண்பத்தெட்டில் ஒரு வரலாற்றுப் புத்தகம் அடித்தார்கள், வகுப்பு வகுப்பாகப் படம் போட்டு. பெயர் "எங்கள் பள்ளி". ஜவ்பர் நானா அப்போது எட்டாம் வகுப்பு. கட்டாயம் இருப்பார்!

மறுபடி அடிக்கவே இல்லையாம். எழுதியவரும் வயதாகி மவுத்தாகிவிட்டார். இப்போது நுரைச்சோலையில் இருக்கிற எங்கள் ஊர் நிஸார் மட்டும் ஒரு புத்தகத்தைச் சட்டைக்குள் வைத்து ஊரிலிருந்து கொண்டுவந்ததாகச் சேர் சொன்னார். உடனே அவருக்கும் எடுத்தேன்.

"நிஸார் நானா, எங்கட ஊர்ப் பள்ளிப் புத்தகம் உங்களிட்ட இரிக்கா?"

"ஓம் தங்கச்சி, இரிக்கு. பஸ்ஸில குடுத்து உடுறன்."

அல்ஹம்துலில்லாஹ். ஓடிப்போய் உம்மாவிடம் சொன்னேன். சொல்லியிருக்கக் கூடாதோ?

ஜனவரி 17

வந்தது ஊர்ப் பள்ளிவாசலின் வரலாறு. மினாரா, கை கால் கழுவுகிற ஹவுழு, கட்டிக்கொடுத்தவர்களின் பெயர்கள். ஆள் முகம் ஒன்றுகூட இல்லை.

சேர் கேள்விப்பட்டது பிழை போல. நிஸார் நானாவிடம் இருந்தது இதுதான். நல்ல மனம் வைத்து அனுப்பிய மனுஷனை ஏன் சங்கடப்படுத்த வேண்டும்? நன்றி சொல்லிப் போனை வைத்துவிட்டேன்.

உம்மாவிடம், "வருது உம்மா" என்றேன்.

பெப்ரவரி 2

கல்பிட்டி. ஊரில் லைப்ரரிக்குப் பொறுப்பாக இருந்த முத்தலிபு காக்கா புத்தகப் பெட்டியைத் திறந்து காட்டினார். எல்லாம் கறையான் தின்று, தொட்டால் மண்ணாகக் கொட்டுகிறது. அவர் என்னைவிடக் கூட அழுதார். நானே அவருக்குப் பிளேன்டீ ஊற்றிக் கொடுத்துவிட்டு வந்தேன்.

பெப்ரவரி 9

புத்தகம் வேண்டும் என்று முகநூலில் போட்டேன். எத்தனையோ பேர் அழுகிற மூஞ்சி அனுப்பினார்கள். புத்தகம் ஒருவரிடமும் இல்லை. அழுகிற மூஞ்சியை வைத்து நான் என்ன செய்ய?

பெப்ரவரி 21

உம்மாவின் கால் வீங்கிவிட்டது. மல்லாந்து படுத்தால் மூச்சு வாங்குகிறது. "வந்திச்சா?" என்று மட்டும் கேட்கிறார்.

மார்ச் 5

நான்காம் நோன்பு. ரஸாக் சேர் சுகம் விசாரிக்க எடுத்தார். புத்தகம் கிடைக்காத கதையைச் சொன்னேன்.

"கிடைக்கல்லயா? அது நிஸார்ட்டத்தானே இரிக்கு. என் கண்ணால பாத்திருக்கிறன். நீங்க என்னெண்டு கேட்டீங்க பிள்ள?"

"ஊர்ப் பள்ளிப் புத்தகம் எண்டு..."

சேர் மெதுவாகச் சொன்னார். "பள்ளி எண்டா நம்மட ஆக்களுக்குத் தொழுற பள்ளியெல்லோ. புத்தகம் எழுதின அந்த வெளியூர் வாத்தியார் இலக்கியத் தமிழில பேர் வச்சிட்டுப் போயிட்டார். ஸ்கூல் எண்டு கேட்டிருக்கணும்."

யா அல்லாஹ். நாளெல்லாம் ஸ்கூல் ஸ்கூல் என்கிற வாய்க்கு அன்றைக்கு மட்டும் என்ன வந்தது? புத்தகத்தின் பெயரை அப்படியே நாக்கில் வைத்துக்கொண்டு கேட்டிருக்கிறேன்.

நிஸார் நானாவுக்கு எடுத்தேன். "ஸ்கூல் புத்தகமா! அது இந்தா, உள்ளறையில இரிக்கே."

மார்ச் 8

நுரைச்சோலை போய் வந்தேன். எழுதக் கை வருகுதில்லை. எழுதித்தான் ஆக வேண்டும்.

நிஸார் நானாவின் மனைவி மஹ்மூதா புத்தகத்தைத் துணியில் சுற்றி, பக்குவமாகக் கொண்டுவந்து தந்தார். எட்டாம் வகுப்புப் பக்கத்தைத் திறந்தேன். வரிசை வரிசையாக வெள்ளைச் சட்டைகள். ஒவ்வொரு கழுத்துக்கு மேலும் கறுப்பு மை. கடைசி வரிசையில் என் நானா, கீழே பெயர் அச்சிட்டிருக்கிறது. சட்டை உம்மா தைத்தது. முகம் இல்லை.

"நோன்புக்கு வீடு கழுவக்க எடுத்தன் ராத்தா. நான் தொழுற அறை. படம் இருக்கிற இடத்துக்கு மலக்குமார் வானத்திலேர்ந்து இறங்கி வரமாட்டாங்க எண்டு... கிழிச்சுப் போட மனசு வரல்ல. முகத்த மட்டும் மறைச்சன்" என்றார் மஹ்மூதா.

"எப்ப?"

"போன மாசக் கடைசி."

நான் கேட்டது ஜனவரியில்! அன்றைக்கு அந்த முகம் அந்த வீட்டில் இருந்தது. சரியான சொல்லைச் சொல்லியிருந்தால் அந்தக் கிழமையே உம்மாவின் மடியில் இருந்திருக்கும்.

"இப்ப வாறாங்களா மலக்குமார்?" என்று கேட்டுவிட்டேன். அஸ்தஃபிருல்லாஹ், நோன்பு வாயோடு. அந்தப் பெண் விறைத்துப் போனார். அவர் மேல் பிழை சொல்ல முடியாது என்று எனக்குத் தெரியும். தெரிந்தும் ஆத்திரம் அடங்குதில்லை. என்ன செய்ய நான்?

மார்ச் 9

ஸ்பிரிட்டில் பஞ்சை நனைத்துத் துடைத்துப் பார்த்தேன். மையோடு படமும் சேர்ந்து வந்துவிட்டது. இப்போது கறுப்பும் இல்லை, வெறும் வெள்ளைக் கடதாசி.

நடுவில் இரண்டு பக்கங்கள் ஈரத்தில் ஒட்டிக் கிடந்தன. மஹ்மூதா கண்ணில் படவில்லை. கொதிக்கிற கேத்தலின் ஆவியில் பிடித்துப் பிரித்தேன். ஸ்கூல் உதைபந்தாட்டக் குழு. எல்லா முகமும் தெளிவாக இருக்கிறது. பெயர் வரி மட்டும் பிய்ந்துவிட்டது. ஜவ்பர் நானா பந்து விளையாடியதே இல்லை.

மார்ச் 10

செய்துவிட்டேன்.

"புத்தகம் வந்திச்சாமே" என்று எழுந்து உட்கார்ந்திருந்தார் உம்மா. குழுப் படத்தை மடியில் வைத்து, முன்னால் சிரித்தபடி குந்தியிருந்த பொடியன் மேல் என் விரலை வைத்தேன்.

நெடுநேரம் பார்த்தார். இல்லை என்று சொல்லிவிடுவார் என்று பயந்தேன். சொல்லமாட்டாரா என்றும் ஏங்கினேன். பெற்றவளுக்குத் தெரியாமலா போகும்?

"ஓம்... எங்கட ஜவ்பர். வாப்பாட மூக்கு" என்று சொல்லிப் படத்தைக் கொஞ்சினார்.

குசினிக்குப் போய்ப் பைப்பைத் திறந்துவிட்டு அழுதேன்.

மார்ச் 16

வருகிறவர்களுக்கெல்லாம் உம்மா படத்தைக் காட்டுகிறார். இரண்டு வாய் கூடச் சாப்பிடுகிறார்.

மார்ச் 22

அஸர் தொழுகைக்குப் பிறகு நிஸார் நானா பேரீச்சம்பழத்தோடு வந்தார். மஹ்மூதா அன்றிலிருந்து சரியாகச் சாப்பிடுவதில்லையாம். நான் பழத்தை வாங்கி வைப்பதற்குள் உம்மா அவரைக் கூப்பிட்டுப் படத்தை நீட்டிவிட்டார்.

"பாருங்க தம்பி, என்ட மகன்."

நிஸார் நானா படத்தைப் பார்த்தார். என்னைப் பார்த்தார். "ஓம் மாமி. ஜவ்பர்தான்" என்றார்.

அனுப்பிவிட நான் வாசலுக்குப் போனபோது திரும்பாமலே சொன்னார். "தங்கச்சி, அந்தப் படத்தில இரிக்கிறது நான்."

ஏப்ரல் 8

நேற்று சுபஹுத் தொழுகைக்குப் பிறகு உம்மா மவுத்து. அஸரோடு அடக்கியாயிற்று. மகனின் படத்தை நெஞ்சில் வைத்துக்கொண்டு போன, குடுத்து வைத்த மனுஷி என்று குளிப்பாட்டிய பெண்கள் சொன்னார்கள்.

மையத்து வைத்த சந்தூக்கைத் தூக்குமுன், ஆம்பிளப் பிள்ளை இல்லையா என்று யாரோ கேட்டார்கள். நிஸார் நானா பேசாமல் முன்னால் போய்த் தோள் கொடுத்தார். நல்ல மனுஷன். நன்றி சொல்லத்தான் எனக்கு வாய் வரவில்லை.

இன்று தைக்க உட்கார்ந்து, கண்ணை மூடி, ஜவ்பர் நானாவின் சிரிப்பைத் தேடினேன். படத்தில் குந்தியிருந்தபடியே நிஸார் நானா சிரிக்கிறார். திரும்பவும் தேடினேன். அவரேதான்.