கல்கொம்பனின் முதுகுச் சுழி

2025 ஜூலை 13, ஞாயிறு

பேரன் சிவப்பிரகாஷ், ஜெர்மனியில் கார் கம்பெனி. குடும்ப வாட்ஸ்அப் குரூப்பில், முட்டி வரைக்கும் பனியில் நிற்கிற போட்டோ. மகள் வயிற்றுப் பேத்திகளில் பெரியவள் பல் டாக்டர், பாலக்காட்டில் சொந்தக் கிளினிக். என் கடைவாய்ப் பல்லை நோகாமல் எடுத்தவள். சின்னவள் கேரளா பி.எஸ்.சி. பரீட்சை எழுதி ஜெயித்து தேவிகுளம் தாலூக்கு ஆபீஸில் கிளார்க். ஸ்வெட்டர் போட்டுக்கொண்டு, பின்னால் தேயிலைக் காடு. ஒவ்வொரு போட்டோவுக்குக் கீழேயும் நான் ஒரு பூ போட்டிருக்கிறேன். அஞ்சாவது படித்தவளுக்கு இது போதாதா? என் ஆத்தாளுக்குக் கைநாட்டுத்தான்.

அப்புறம் செல்வப்பிரியா. சிவப்பிரகாஷின் தங்கை. காலேஜ் முடித்த அன்றைக்குக் கருப்பு அங்கி மாட்டி எடுத்ததுதான் குரூப்பில் அவள் கடைசிப் போட்டோ. மூன்று வருசம் ஆச்சு. என் மகன் பூபதிராஜா அதற்குமேல் எதையும் போடச் சொல்லவில்லை. அவளும் போடவில்லை.

இப்போது அவளுக்குக் கொச்சியில் செல்போன் விளையாட்டு செய்கிற கம்பெனியில் மூன்று மாச சோதனை வேலை. பிடித்திருந்தால் நிரந்தரம். கெடு இந்த முப்பத்தொன்று. கிடைக்கவில்லை என்றால் பேங்க் பரீட்சைக் கோச்சிங்கில் சேர்ந்தே ஆக வேண்டும் என்று அப்பன் சொல்லிவிட்டான். இந்த மாசம் நம்ம ஊட்டிலிருந்தே வேலை. பால் சொசைட்டியில் யாராவது கேட்டால் "கம்ப்யூட்டர் வேலைங்க" என்கிறேன். பொய்யில்லையே.

ஜூலை 15, செவ்வாய்

அப்படி என்னதான் வேலை என்று இன்றைக்குக் கேட்டே விட்டேன்.

விளையாட்டில் மிருகங்கள் வரும். பிடித்து, தீனி போட்டு, சண்டைக்கு விட வேண்டும். சிலது லேசில் கிடைக்காது. அப்படி அபூர்வமாகப் புதிதாக ஒன்றைச் செய்து, ஊருக்கு விடும் முன்னால் மூன்று பேரிடம் மட்டும் கொடுத்திருக்கிறார்கள். அதில் ஒருத்தி என் பேத்தி!

"அபூர்வம்னா நல்லதுன்னு அர்த்தமில்லீங்க அப்பத்தா. ஆசையாப் புடிச்சு, இருக்கிற தீனியெல்லாம் அதுக்கே போட்டு, கடைசியில எங்கயும் ஜெயிக்கலைன்னா ஆடறவங்க நொந்து போவாங்க. வெச்சு ஆடலாமா, சும்மா அழகுக்கு வெச்சுக்கலாமான்னு நான் எழுதித் தரணும். இருபத்தஞ்சாம் தேதிக்குள்ள."

அதை வைத்துத்தான் வேலை நிரந்தரமா என்று முடிவு செய்வார்களாம்.

சோறு தின்றுகொண்டே பூபதி சொன்னான்: "மாடு வாங்கறவன் கூட வாயைத் தொறந்து பல்லு பாப்பான். இவ போன் கண்ணாடியைத் தடவிப் பாக்கறா."

மருமகள் கோமதி சிரிப்பை அடக்கிக்கொண்டு ரசம் ஊற்றினாள். பிரியா பாதித் தட்டோடு எழுந்து போய்விட்டாள்.

ஜூலை 17, வியாழன். ஆடி ஒண்ணு

இன்றைக்கு அந்த மிருகத்தைக் காட்டினாள். பேர் கல்கொம்பன். பாதி காட்டெருமை, பாதி நம்ம காங்கேயம் மாதிரி. நல்ல திமில், குளம்பும் அடக்கமாக இருக்கிறது. "நாப்பது ஆட்டம் விட்டுப் பாத்துட்டேனுங்க. ஒம்போதுலதான் ஜெயிச்சுது. கொச்சியில ரெண்டு பேருமே வேஸ்ட்டுன்னு சொல்லிட்டாங்க. நானும் அப்படித்தான் எழுதப் போறேன்" என்றாள்.

முதுகைத் திருப்பு என்றேன். விரலால் இழுத்தாள். திரும்பியது.

நடுத்தண்டுக்கு அந்தப் பக்கம் ஒன்று, இந்தப் பக்கம் ஒன்று. ரெண்டு சுழி. சமமா.

பாடைச் சுழி. இந்தச் சுழி மாடு ஊட்டுக்குள் வந்தால் ஒரு உசுரு போகும் என்பார்கள்.

கண்ணாடியைத் துடைத்துக்கொண்டு மறுபடியும் பார்த்தேன். அதேதான். படம் போட்டவன் எந்த மாட்டைப் பார்த்துப் போட்டானோ?

அவளிடம் ஒன்றும் சொல்லவில்லை. சொன்னால் சிரிப்பாள். எங்க ஊட்டுக்காரரும் அன்றைக்குச் சிரித்தார்.

தொண்ணூற்றொண்ணில் பொள்ளாச்சிச் சந்தையில் ஒரு மயிலை எருதைப் பார்த்து நின்றுவிட்டார். அதுக்கும் இதே எடத்தில் ரெண்டு சுழி. "வேண்டாமுங்க மாமா" என்று துண்டைப் பிடித்து இழுத்தேன். "சுழியா புள்ள உழுவுது? காலுதானே உழுவுது" என்று சிரித்துக்கொண்டே கயிற்றைக் கையில் வாங்கினார். அஞ்சாம் மாசம் கடலைக்காட்டில் நெஞ்சைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்தவர்தான். பதினாறு முடிந்த மறுநாளே தரகர் நல்லமுத்துவைக் கூப்பிட்டு அந்த எருதை ஓட்டிக்கொண்டு போகச் சொன்னேன். எங்கே போனாலும் சரி என்றேன். ஆமாம், அப்படித்தான் சொன்னேன்.

ஜூலை 18, வெள்ளி

பிரியாவுக்குக் காய்ச்சல். நூத்தி ரெண்டு. கண்ணெல்லாம் சிவந்து கிடக்கிறாள்.

நேத்துத்தானே அதைப் பாத்தேன்?

ஜூலை 19, சனி

செஞ்சுட்டேன்.

ஊரெல்லாம் டெங்கு என்று கோமதி அவளை ஆட்டோவில் ஆஸ்பத்திரிக்குக் கூட்டிக்கொண்டு போனாள். கம்பெனி போன் சார்ஜில் கிடந்தது. அதைத் திறக்க இழுக்கிற கோடு எனக்குத் தெரியும், என் முன்னால் எத்தனை தரம் இழுத்திருக்கிறாள். எழுத்தெல்லாம் தமிழில்தான் இருந்தது. கல்கொம்பன் படத்துக்குக் கீழே, "காட்டுக்கு அனுப்பு". தொட்டேன். "உறுதியா?" என்று கேட்டது. அது ஒரு நிமிசம் என்னையே பார்த்துக்கொண்டு நின்ற மாதிரி இருந்தது. "ஆம்".

போய்விட்டது. கை கழுவினேன். எதுக்குக் கழுவினேன் என்று தெரியவில்லை.

ஜூலை 20, ஞாயிறு

டெங்கு இல்லை! ரத்தத்தில் ஒன்றுமில்லை. காலையில் காய்ச்சல் விட்டது, ரெண்டு இட்லி தின்றாள். பார்த்தாயா முத்தாத்தா, நீ செய்தது சரிதான் என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டேன்.

சாயங்காலம் உள்ளேயிருந்து ஒரே சத்தம். "அம்மா! கல்கொம்பனைக் காணோம்மா!"

நாற்பது ஆட்டத்துக் கணக்கும் அந்த மிருகத்தோடு சேர்ந்தே போய்விட்டதாம். அது எனக்கு எப்படித் தெரியும்? காய்ச்சல் மயக்கத்தில் தானே எதையோ அமுக்கிவிட்டதாக நினைத்துத் தலையில் அடித்துக்கொள்கிறாள். "ஒரு போனைப் பாத்துக்கத் தெரியாதவளுக்கு என்ன வேலை" என்று பூபதி வாசலில் நின்று சொன்னான்.

நான் வாயைத் திறக்கவில்லை. பக்கத்திலேயேதான் உட்கார்ந்திருந்தேன், பாவி.

ஜூலை 21, திங்கள்

சொல்லிட்டேன்.

பால் கறந்துவிட்டு வந்தேன். சொம்பைக் கீழே வைக்கக்கூடத் தோன்றவில்லை. "அம்மிணி, அது நானுதான். நானுதான் அதை அனுப்பிச்சேன்" என்றேன். எதுக்கு என்று கேட்டாள். சுழி, சந்தை, அவங்க தாத்தன், கடலைக்காடு எல்லாம் சொன்னேன். முப்பத்தினாலு வருசமாக யாரிடமும் சொல்லாதது, சொம்பு ஆறுவதற்குள் சொல்லி முடிந்துவிட்டது.

கத்துவாள் என்று பார்த்தேன். கத்தவில்லை. அதுதான் தாங்க முடியவில்லை.

"என்னை நெனச்சுத்தான் பண்ணுனீங்க. ஆனா எங்கிட்ட ஒரு வார்த்தை கேட்டிருக்கலாமுங்க அப்பத்தா" என்று சொல்லிவிட்டு உள்ளே போய்விட்டாள்.

கேட்டிருக்கலாம்.

ஜூலை 22, செவ்வாய்

கொச்சியில் அவளுக்கு மேலே இருப்பவள் ஜிபி என்று ஒருத்தி. பிரியா அவளுக்குப் போன் போட்டு, மறைக்காமல் எல்லாம் சொன்னாள். நான் கதவுக்குப் பின்னால். அந்தப் பெண் மலையாளத்தில் ஐந்து நிமிசம் விடாமல் சிரித்தது! எனக்கு ஒரு பக்கம் மானம் போச்சு, ஒரு பக்கம் உசுரு வந்தது.

கல்கொம்பனைத் திருப்பித் தந்துவிடுவார்களாம். நாளைக்கே. ஆனால் பழைய கணக்கு வராது, எல்லாம் முதலிலிருந்து. தேதியும் மாறாது. வெள்ளிக்குள் எழுதியாக வேண்டும்.

ஜூலை 24, வியாழன்

நேற்று கல்கொம்பன் திரும்பி வந்துவிட்டான். சுழியோடுதான். நான் முகத்தை மட்டும் பார்த்தேன்.

சின்னச் சின்ன ஆட்டமாக மறுபடியும் நாற்பது ஆட நேரமில்லை என்று பிரியா வேறு வழி எடுத்தாள். தொடர் ஆட்டம் என்று ஒன்று இருக்கிறது. நிற்காமல் ஒன்றன் பின் ஒன்றாக எதிரி வந்துகொண்டே இருப்பான், இடையில் மூச்சு வாங்க முடியாது. அதில் விட்டால் ஒரே ஓட்டத்தில் கணக்கெல்லாம் கிடைத்துவிடும் என்றாள். கொச்சிக்காரர்கள் யாரும் அதில் அவனை விட்டுப் பார்க்கவில்லையாம். சின்ன ஆட்டத்திலேயே தோற்கிறவன் அதில் என்ன ஆவான் என்று.

மதியம் அவளே என்னைக் கூப்பிட்டாள். "வந்து உக்காருங்க. முதுகைப் பாக்காதீங்க, நடையைப் பாருங்க."

முதலில் மந்தம்தான். இவனோடு ஒரே அணியில் இறங்கிய மற்ற நாலு மிருகமும் பாய்ந்து பாய்ந்து அடித்தன, இவன் அசைந்து அசைந்து வந்தான். பத்தாவது எதிரிக்கு ஒன்று விழுந்தது. பதினாலில் இன்னும் ரெண்டு. இருபதில் கடைசி ஒன்றும் படுத்துவிட்டது. கல்கொம்பன் மட்டும் நின்றான். முதல் அடி எப்படியோ அப்படியே இருந்தது முப்பதாவது அடியும். பிரியா கட்டில் மேல் ஏறி நின்றுவிட்டாள். "தளரவே மாட்டேங்குதுங்க அப்பத்தா! உழவு மாட்டுக்குப் போயி நாங்க மூணு பேரும் ஓட்டப் பந்தயம் வெச்சுப் பாத்திருக்கோம்!"

எனக்குக் கண் நிறைந்துவிட்டது. அந்த மயிலை எருதும் அப்படித்தான். முதல் உழவுச் சாலில் மெதுவாகப் போகும். வெயில் ஏறி மற்ற ஜோடியெல்லாம் நுரை தள்ளும்போதும் இது காலையில் வைத்த அடியையே வைத்துக்கொண்டிருக்கும். அவர் உழுதுவிட்டு வந்து முதலில் அதற்குத்தான் தண்ணீர் காட்டுவார், அப்புறம்தான் தான் குடிப்பார். அஞ்சு மாசத்தில் ஒரு நாள்கூட அது யாரையும் முட்டியதில்லை.

அதைப் போய் எங்கே போனாலும் சரி என்று சொன்னேனே.

ஜூலை 25, வெள்ளி

எழுதி அனுப்பிவிட்டாள். "வெச்சு ஆடலாம். நீள ஆட்டத்துக்கு இதை விட்டா வேற இல்லை."

ஜூலை 28, திங்கள்

ஜிபி கூப்பிட்டாள். என்னிடம் பேச வேண்டுமாம்! பிரியா ஸ்பீக்கரில் போட்டாள்.

"அம்மச்சீ" என்றுதான் ஆரம்பித்தாள், அவங்க பாஷையில் பாட்டி. எழுதிக் கொடுத்ததின் கடைசியில் பிரியா என்னைப் பற்றியும் எழுதியிருக்கிறாள். மாடு வளர்க்கிற ஜனங்கள் இந்தச் சுழியைப் பார்த்தால் தொடாமலே விட்டுவிடுவார்கள், எங்கள் அப்பத்தாளே விட்டார் என்று. படம் போட்டவன் அழகுக்காகப் போட்டதாம். "அம்மச்சி வேண்டாம்னு சொன்னால் ரெண்டு நிமிசத்தில் சுழியை அழித்துவிடலாம்" என்று மலையாளத்தில் சொன்னாள்.

ரெண்டு நாள் டயம் கேட்டேன். பிரியா ஆச்சரியமாகப் பார்த்தாள்.

ஜூலை 30, புதன்

நல்லமுத்து இருக்கிறார். எண்பது தாண்டியாச்சு, காது மந்தம். சொசைட்டி வாசல் பெஞ்சில் காலையில் உட்கார்ந்திருப்பார். இத்தனை வருசம் அந்தப் பெஞ்சைத் தாண்டித்தான் பால் ஊற்றப் போகிறேன், ஒரு நாளும் கேட்டதில்லை. கறிக்குப் போச்சு என்று சொல்லிவிடுவாரோ என்ற பயம்.

இன்றைக்குக் காதருகில் குனிந்து கேட்டேன். "ஏனுங்க, எங்க ஊட்டுக்காரர் போனப்புறம் ஒரு மயிலை எருதைப் புடிச்சு உட்டேனே, அது எங்கீங்க போச்சு?"

"அதா? எருத்தேம்பதிக்கு ஓட்டிட்டுப் போயி ஒரு தோட்டத்துல குடுத்தேனுங்க. ஒம்போது வருசம் உழுதுச்சு. அவிய வடிச்ச சோத்துல முதல் உருண்டை அதுக்குத்தான்."

"அந்த ஊட்டுல... யாருக்காச்சும்..."

"ஒண்ணுமில்லீங்க. அந்தம்மாளும் பெரியவரும் இப்பவும் இருக்கறாங்க. என்னை விட மூப்பு."

என்னைத் தேற்ற மாடு விற்ற வாயால் அளக்கிறாரோ? மூஞ்சியைப் பார்த்தேன். தரகர் மூஞ்சியில் என்ன தெரியும். திரும்பி நடந்தேன். பின்னாலிருந்து அவராகவே சொன்னார்: "நல்ல மாடுங்க அம்மிணி. சால் முடிஞ்சு திரும்பற எடத்துல ஒருக்கா நின்னு, பின்னாடி ஆள் வர்றானான்னு பாத்துட்டுத்தான் திரும்பும்."

ஆமாம். திரும்பிப் பார்த்துவிட்டுத்தான் திரும்பும். அது நான் யாருக்கும் சொல்லாதது. அதைக் கட்டி உழுதவனுக்கும், உழுவதைப் பக்கத்தில் நின்று பார்த்தவனுக்கும்தான் தெரியும். அப்படியென்றால் அவர் அளக்கவில்லை.

பால் பாத்திரத்தை வைத்துவிட்டு அங்கேயே கொஞ்ச நேரம் உட்கார்ந்துகொண்டேன். முப்பத்தினாலு வருசம். ஒரு வார்த்தை கேட்டிருக்கலாம்.

வந்ததும் பிரியாவிடம் சொன்னேன். சுழி இருக்கட்டும். அழிக்க வேண்டாம் என்று அந்தப் பெண்ணிடம் சொல்லு.

ஜூலை 31, வியாழன்

நிரந்தரம். கடிதம் வந்துவிட்டது. கோமதி பாயசம் வைத்தாள், அவசரத்தில் சர்க்கரை மறந்துவிட்டது. எல்லோரும் குடித்தோம்.

ஆகஸ்ட் 3, ஞாயிறு. ஆடிப் பதினெட்டு

பிரியா காலை பஸ்ஸுக்குக் கொச்சி கிளம்பினாள். பூபதி அவள் பையைத் தூக்கி வண்டியில் வைத்துவிட்டு, எங்கேயோ பார்த்துக்கொண்டு கேட்டான்: "அந்த மாடு மொத்தம் எத்தனை ஆட்டம் தாங்கும்?"

"முப்பத்தேழுங்கப்பா."

"ம்" என்றான். சாயங்காலம் டீக்கடையில் யாரிடமோ "எம்பொண்ணு பாத்துச் சொன்னாத்தான் அந்தக் கம்பெனியே மிருகத்தை வெளிய விடும்" என்று சொல்லிக்கொண்டிருந்தானாம். வந்து சொன்னார்கள்.

இந்த நோட்டின் முதல் பக்கத்துக்குப் போய், சின்னவளுக்குப் பக்கத்து ஓரத்தில் இடம் இருந்தது, எழுதினேன். பேத்தி செல்வப்பிரியா, கொச்சியில் விளையாட்டுக் கம்பெனி. எந்த மிருகம் தேறும், எது தேறாது என்று சொல்கிற வேலை. அவசரப்பட மாட்டாள்.

குரூப்பில் இன்னும் அந்தக் கருப்பு அங்கிதான் இருக்கிறது. இதையும் எழுதிவிட்டு அவளுக்கு அனுப்பினேன், ஒவ்வொரு எழுத்தாகத் தட்டி: "கண்ணு, நல்லபடியாப் போய்ச் சேந்தியா. கழுத்துல கம்பெனி அட்டை போட்டுக்கிட்டு புதுசா ஒரு போட்டோ எடுத்துக் குரூப்பில போடு. பக்கத்துல கல்கொம்பனும் நிக்கட்டும். முதுகு தெரியற மாதிரி."