பொண்டிக் கரையில் பொய்மீன் விட்ட சனிக்கிழமைகள்

மச்சாள்,

குளிர் உடுப்புகளைத் தோய்த்து அலுமாரியின் மேல்தட்டில் அடுக்கிக்கொண்டிருந்தேன். உங்கள் வீட்டிலிருந்து வந்த உங்கள் நீல மழைக்கோட்டின் பையைக் காலிசெய்யக் கையை விட்டபோது சுருக்கென்று விரலில் ஏதோ ஏறியது. மெல்ல இழுத்துப் பார்த்தால் அந்த மஞ்சள் வயிற்றுப் பொய்மீன். தூண்டிலில் கட்டுகிற, ஒரு சாண்கூட இல்லாத பிளாஸ்டிக் துண்டு. வயிற்றிலும் வாலிலும் மும்முனை ஊசிகள், முதுகு முழுக்கப் பல்லுத் தடம். விரலைச் சூப்பிக்கொண்டே சிரித்துவிட்டேன். செத்து நாலு மாதம் ஆன பிறகும் என்னைக் கொழுவிப் பிடிக்கிற ஆள் நீங்கள் ஒருவர்தான்.

உங்களைக் கால்வாய்க் கரையில் கண்ட அந்தக் காலைக்கு முன் நாங்கள் இரண்டு வருடம் பேசவில்லை. என் மகள் பெரியபிள்ளையான சாமத்திய வீட்டன்று, மண்டபம் நிறைய ஆட்கள் இருக்க, நீங்கள் கிட்ட வந்து பிள்ளையை மேலும் கீழும் பார்த்தீர்கள். “பிள்ளைக்கு இந்தப் பச்சை எடுபடேல்லை” என்றீர்கள். பாரிஸ் லா சப்பலில் கடை கடையாக ஏறி இறங்கி நான் எடுத்த சேலை அது. காலையிலிருந்து பச்சைத் தண்ணீர்கூடக் குடிக்காமல் ஓடித் திரிந்தவள், யோசிக்காமல் வாயைத் திறந்தேன்.

“பிள்ளை பெறாதவைக்குப் பிள்ளையின்ர வடிவு எங்கை விளங்கும்?”

சுற்றி நின்றவர்கள் தங்கள் தட்டுகளைக் குனிந்து பார்த்தார்கள். நீங்கள் கொண்டுவந்த பெட்டியை மேசையில் வைத்துவிட்டுச் சாப்பிடாமல் போனீர்கள். உங்கள் கணவர், அத்தான், போய்ச் சேர்ந்து ஒரு வருடம்தான் ஆகியிருந்தது. லா சப்பலில் நாலாம் மாடியில் தனியாக இருந்தீர்கள். அதற்குப் பிறகு உங்கள் தம்பி, என் கணவர், மட்டும் அங்கே போய் உங்களைப் பார்த்துவிட்டு வருவார். வீட்டுக்கு வந்தால் எதுவும் சொல்லமாட்டார். நானும் கேட்கமாட்டேன். மன்னிப்புக் கேட்க வேண்டும் என்று தெரியும். எந்த முகத்தோடு என்றுதான் தெரியவில்லை.

எனக்கு இரத்தத்தில் சீனி கூடி, தினமும் ஒரு மணித்தியாலம் நடக்கச் சொன்னார் டாக்டர். பாரிஸ் ஓரத்து எங்கள் பொண்டியில் நடக்க நல்ல இடம் கால்வாய்க் கரைதான். ஒரு வைகாசிச் சனிக்கிழமை, காலை ஏழு மணி இருக்கும். பாலம் தாண்டி, நாணல் வளர்ந்த இடத்துக்குப் பக்கத்தில் ஒரு பெண் தூண்டில் தடியோடு நின்றாள். நீல மழைக்கோட்டு, காற்சட்டை, வெள்ளைச் சப்பாத்து. உங்களைக் காற்சட்டையோடு நான் கண்டதே இல்லை. கொண்டையைப் பார்த்துத்தான் அடையாளம் கண்டேன்.

திரும்பிப் போய்விட நினைத்தேன். கால் அரைவட்டம் திரும்பியும் விட்டது. அப்போதுதான் உங்களுக்கு முன்னால் தண்ணீர் வெடித்தது. யாரோ கல்லைத் தூக்கிப் போட்ட மாதிரிச் சத்தம். தடி வில்லாக வளைந்தது. நீங்கள் பின்னால் திரும்பி என்னைக் கண்டீர்கள். கொஞ்சமும் திகைக்கவில்லை.

“வலையை எடும்! கெதியா! என்ன பாத்துக்கொண்டு நிக்கிறீர்?”

இரண்டு வருடத்துக்குப் பிறகு நீங்கள் என்னோடு பேசிய முதல் வார்த்தை அதுதான். புல்லில் கிடந்த வலையை எடுத்துக்கொண்டு முழங்காலில் விழுந்தேன். எந்தப் பக்கத்தால் மீனைக் கோலி அள்ளுவது என்றுகூட எனக்குத் தெரியாது. “தலையாலை, தலையாலை! வாலைப் பிடிச்சால் ஓடிடுவார்!” என்று கத்தினீர்கள். ஒருவழியாக அவர் வலைக்குள் வந்தார். வாத்துச் சொண்டு மாதிரி வாய், சீலா மீனின் பல்லு, பாசிப் பச்சை உடம்பில் மஞ்சள் பொட்டுகள். புறோஷே என்று பிரெஞ்சுக்காரர் சொல்கிற மீனை அன்றுதான் கிட்டத்தில் கண்டேன். நீங்கள் குனிந்து பார்த்தீர்கள். பிறகு என்னைப் பார்த்தீர்கள்.

“இவருக்குப் பச்சை நல்லா எடுபடுது, என்ன?”

சிரிப்பதா அழுவதா என்று தெரியாமல் இரண்டையும் செய்தேன். “மச்சாள், நான் அண்டைக்குச் சொன்னது…” என்று தொடங்கினேன். “பொறும், இவருக்கு மூச்சு முட்டுது” என்றீர்கள். குறட்டால் ஊசியைக் கழற்றினீர்கள். வாலடியைப் பிடித்துத் தண்ணீருக்குள் வைத்துக்கொண்டு, அவர் தானாக உதறிக்கொண்டு போகும்வரை காத்திருந்தீர்கள். பிறகு கையைக் காற்சட்டையில் துடைத்துவிட்டு என் பக்கத்தில் வந்து அமர்ந்தீர்கள்.

“எனக்கு நொந்தது. இல்லையெண்டு பொய் சொல்லமாட்டன். கன நாள் நித்திரை இல்லை. ஆனா நானும் சபையிலை வைச்சுச் சொல்லியிருக்கக் கூடாது. வீட்டை வந்து சொல்லியிருக்கலாம்.”

“அப்பவும் சொல்லித்தான் இருப்பியள்?”

“ஓம். சொல்லித்தான் இருப்பன். எடுபடேல்லையே!”

அந்தக் கரையில் நாங்கள் சிரித்த சிரிப்பில், சைக்கிளில் போன ஒருவர் நிறுத்தித் திரும்பிப் பார்த்தார். நினைவிருக்கிறதா?

இது எங்கே பழகியது என்று நான் கேட்டபோதுதான் சொன்னீர்கள். தூண்டில் சாமான் விற்கிற கடையொன்றில் எத்தனையோ வருடம் காலையில் துப்புரவு வேலை செய்திருக்கிறீர்கள். கடைக்கார மதாம் ஓய்வு பெற்றபோது ஒரு தடியும் மூன்று பொய்மீனும் தந்து, இரண்டு ஞாயிறு கூட வந்து காட்டியும் கொடுத்தாராம். தனியாக இருந்த வீட்டில் சனிக்கிழமைக் காலையைத் தள்ளுவதுதான் கஷ்டம், அதனால் ரயிலேறி இங்கே வந்துவிடுகிறேன் என்றீர்கள். இந்தக் கால்வாயின் பெயர் ஊர்க் என்று சொல்லி, “பேரிலையே ஊர் இருக்கேக்கை வேறை எங்கை போறது?” என்று கண்ணடித்தீர்கள். எழும்பும்போது ஒரு நிபந்தனையும் வைத்தீர்கள்.

“தம்பிக்குச் சொல்லிப்போடாதையும். அவனுக்குத் தெரிஞ்சால் லா சப்பலுக்கே தெரியும். பிறகு எல்லாரும் சட்டியோடை வந்திடுவினம்.”

அடுத்த கிழமையே எனக்கும் மீன்பிடி அனுமதிக் கார்த் எடுப்பித்தீர்கள்.

மற்றப் பொய்மீன்கள் தண்ணீருக்குக் கீழே ஓடும். உங்களுக்கு மேலே மிதக்கிறதுதான் வேண்டும். “கீழை பிடிக்கிறதிலை என்ன இருக்கு? மேலை எண்டால் எல்லாத்தையும் கண்ணாலை பாக்கலாம்” என்பீர்கள். எறிந்துவிட்டு, தண்ணீரில் எழும்பிய வட்டங்கள் அடங்கும்வரை விட வேண்டும். பிறகு தடியின் நுனியை மெல்லத் தட்டத் தட்ட, அது இடப்பக்கம் ஒருமுறை, வலப்பக்கம் ஒருமுறை தலையாட்டிக்கொண்டு வரும். இடையில் நிறுத்த வேண்டும். நிறுத்துகிற அந்த இடத்தில்தான் அடி விழும். வசந்தத்தில்தான் இது சரிவரும் என்றும் சொன்னீர்கள். “வெயில் பட்டுக் கரைத் தண்ணி சூடாக, குஞ்சு மீனெல்லாம் அங்கை வரும். பின்னாலை இவரும் வருவார், மருமோன் விருந்துக்கு வாற மாதிரி.”

எனக்கு எறிய வந்தது, தட்ட வந்தது, பொறுக்க மட்டும் வரவில்லை. தண்ணீர் வெடித்ததும் தடியை வெடுக்கென்று இழுத்துவிடுவேன். மீன் இன்னும் வாயை மூடியிருக்காது. பொய்மீன் திரும்பப் பறந்து வரும். ஒருமுறை என் தலைமயிரில் கொழுவி, நீங்கள் சிரித்துச் சிரித்து அதை எடுக்கக் கால் மணித்தியாலம் ஆனது. “சத்தத்துக்கு இழுக்காதையும். கையிலை பாரம் தெரியட்டும்” என்று எத்தனை சனிக்கிழமை சொல்லியிருப்பீர்கள்!

இரண்டாம் வருடம் மீன்பிடிப் பருவம் தொடங்கிய காலையில்தான் எனக்குக் கை வந்தது. நாணலோரம் நிறுத்திய பொய்மீனுக்குப் பின்னால் தண்ணீர் ஒரு கூரை மாதிரி எழும்பி வந்தது. நீங்கள் என் தோளைப் பிடித்துக்கொண்டீர்கள். அடி விழுந்தது. நான் மூச்சை அடக்கிக்கொண்டு நின்றேன். பொய்மீனைக் காணவில்லை. ஒரு கணம், இன்னொரு கணம். பிறகு தடி கனத்தது. “இப்ப!” என்று இரண்டு பேரும் ஒன்றாகக் கத்தினோம். அவர் உங்கள் எல்லா மீனையும்விடப் பெரியவர். இந்தமுறை வலையோடு முழங்காலில் விழுந்தவர் நீங்கள். குழம்பு வைக்கலாமே என்று கேட்டேன். “முள்ளுப் பாத்துத் தின்ன உமக்குப் பொறுமை இல்லை. விடும்” என்றீர்கள். விட்டேன். வீட்டுக்கு வந்து, உங்கள் தம்பி தேநீரைத் தந்து “ஏன் சிரிக்கிறீர்?” என்று கேட்க, “நடந்தால் உடம்புக்கு நல்லது” என்றேன்.

இப்படி நாலு வருடம், மச்சாள்.

தை மாதத்தில் நித்திரையிலேயே போய்விட்டீர்கள். காரியங்கள் எல்லாம் முடிந்து, வந்தவர்கள் போன பின், உங்கள் தம்பி உங்கள் வீட்டைத் துப்புரவாக்கப் போனார். கட்டிலுக்குக் கீழே தடியும் பொய்மீன் பெட்டியும் இருந்ததாம். இரண்டையும் கொண்டுவந்து என் முன்னால் வைத்து, “இது ஆருடையது?” என்று கேட்டார். அப்போதுதான் சொன்னேன். அவர் தடியை மடியில் வைத்துக்கொண்டு கேட்டார். முடிந்ததும் அழுவார் என்று நினைத்தேன். அவருக்குக் கோபம் வந்தது!

“நாலு வருசம்! ரெண்டு பேருமாச் சேந்து என்னை விட்டிட்டு!”

சித்திரைக் கடைசியில் பருவம் தொடங்கிய அன்று, நான் எழும்ப முதல் அவர் சப்பாத்துப் போட்டுக்கொண்டு கதவடியில் நின்றார். மடக்குக் கதிரையும் தேநீர்ப் போத்தலும் கையில். என் மூன்றாவது எறிதலுக்கு ஒரு நல்ல மீன் எழும்பி, அடித்து, தவறிப் போனது. கதிரை பின்னால் விழ அவர் எழும்பி நின்றார். வாய் திறந்தபடி வட்டங்கள் அடங்கும்வரை பார்த்தார். பிறகு கதிரையை நிமிர்த்தி என் பக்கத்தில் இழுத்துப் போட்டார்.

“சொல்லும். முதலிலை இருந்து சொல்லும். ஒண்டும் விடாமை.”

அதனால் இப்போது சனிக்கிழமைக்கு ஒரு சனிக்கிழமையாகச் சொல்லி வருகிறேன். சாமத்திய வீட்டில் நான் சொன்னதையும் மறைக்காமல்தான் சொன்னேன். போன கிழமை சொன்னது நீங்கள் சறுக்கி இடுப்பளவு தண்ணீரில் விழுந்த கதை. நனைந்த உடுப்போடு ரயிலேற வெட்கப்பட்டு, அவர் வேலைக்குப் போயிருந்த நேரம் எங்கள் வீட்டுக்கு வந்து, அவருடைய நீலக் கோடு போட்ட சாரத்தை இடுப்பில் கட்டிக்கொண்டு இருந்ததையும், அதையே மழைக்கோட்டுக்குக் கீழே மறைத்துக்கொண்டு லா சப்பலுக்குப் போனதையும் சொன்னேன். அவர் தேநீர்க் கோப்பையைக் கீழே வைத்தார். “அந்தச் சாரத்தை நான் மூண்டு வருசமாத் தேடுறன்” என்றார். பிறகு சிரிக்கத் தொடங்கினார். கண்ணீர் வரச் சிரித்தார், மச்சாள். நீங்கள் போன பிறகு அவர் அப்படிச் சிரித்தது அன்றுதான்.

இன்னும் பாதிகூட முடியவில்லை. மழையில் நின்ற நாட்கள் இருக்கின்றன, ஒன்றுமே அகப்படாமல் வடை தின்றுவிட்டு வந்த நாட்கள் இருக்கின்றன. நாளைச் சனிக்கிழமை எதைச் சொல்லலாம் என்று யோசித்துக்கொண்டே நித்திரைக்குப் போகிறேன்.