ஒட்டிய தாள்

சேசு மரி சூசை துணை

திண்டுக்கல்,
4-6-1958

அன்புள்ள ஸ்தனிஸ்லாஸ் அண்ணனுக்கு,

உன் பாயைச் சுருட்டியபோது சுவரோரம் நீ லத்தீன் எழுதும் பழைய பள்ளிக்கூட நோட்டு கிடந்தது. அதன் கடைசி இரண்டு தாள்களும் சோற்றுப் பருக்கையால் ஒட்டியிருந்தன.

விடுமுறையில் அதை நான் பிடித்துக்கொள்ள, நீ ஒப்பித்தாயே, ஃபேரோ, ஃபேர்ஸ், ஃபேர்த் என்று? சுமக்கிறேன், சுமக்கிறாய், சுமக்கிறான். நீ தடுமாறிய இடமெல்லாம் எனக்கு மனப்பாடம். வெட்கத்தால் சொல்லவில்லை.

ஒன்று கேட்கிறேன். அம்மா செத்த வருஷம் அப்பா என்னை ஏழாவதோடு ஏன் நிறுத்தினார்? அவரிடம் கேட்க எனக்கு வாய் வரவில்லை. உனக்குத் தெரியுமா?

உன் தங்கை,
ஜெயமேரி

குருமடம், மதுரை
9-6-1958

அன்புத் தங்கச்சிக்கு,

நலம். இங்கே வெஞ்சனத்தில் உப்பே இல்லை. உன் குழம்பை நினைத்துத்தான் சாப்பிடுகிறேன்.

நோட்டை உடனே அனுப்பு. இருபதாம் தேதி மறுபரீட்சை. தேறாதவன் சாமியாராக முடியாது, வீட்டுக்கு அனுப்பிவிடுவார்கள். அந்த ஃபேரோதான் என்னைக் கொல்கிறது. நிகழ்காலத்துக்கு ஒரு வேர். நம்முடைய ‘பாரம்’ என்ற சொல்லும் அதோடு சேர்ந்ததாம். ‘சுமந்தேன்’ என்றால் துலி. அது வேறு வேர். ஒரே வினைக்குள் இரண்டு குடும்பம்!

நீ கேட்டது பழைய கதை. அப்பாவுக்குப் பெண் படிப்பது பிடிக்கவில்லை. நான் எவ்வளவோ சொல்லிப் பார்த்தேன். நீ அவரிடம் கேட்டு மனதைப் புண்படுத்தாதே. ஒட்டிய தாளையும் பிரிக்காதே, கிழிந்துவிடும்.

அண்ணன்,
ஸ்தனிஸ்லாஸ்

திண்டுக்கல்,
16-6-1958

அண்ணனுக்கு,

தாள் கிழியவில்லை. போன கடிதம் எழுதுமுன்பே ஈரத் துணி வைத்துப் பிரித்துவிட்டேன். நீ உண்மையைச் சொல்கிறாயா என்று பார்க்கத்தான் கேட்டேன்.

“என் மகள் ஜெயமேரிக்குப் படிப்பில் விருப்பமில்லை. பெயரை நீக்கிவிடவும். இப்படிக்கு, அருளப்பன்.” பள்ளிக்கூடத்துக்குக் கொடுக்குமுன் எழுதிப் பார்த்தது. எழுத்து உன்னுடையது. ‘விருப்பமில்லை’ என்பதற்கு முன்னால் ‘புத்தியில்லை’ என்று எழுதி அடித்திருக்கிறாய்.

நேற்று ஜெபமாலை முடிந்ததும் அப்பாவுக்கு அதை வாசித்துக் காட்டினேன். அவருக்குப் பெயர் எழுதத் தெரியும், வேறென்ன தெரியும்?

“ஏத்தா, உன்னைய எட்டாவதுல சேக்கச் சொல்லி எழுதிருக்குன்னுதான அவன் கையெழுத்து வாங்குனான்! அப்பறம் நீயே பள்ளிக்கூடம் வேணாம்னு அழுகுறதா வந்து சொன்னான்.”

“நான் அழுதது நெசம். நீங்க நிறுத்திட்டீகன்னு அழுதேன்.”

“ஒரு வார்த்தை கேட்டிருக்கலாமுல்ல?”

“நீங்களும் கேக்கல.”

இரண்டு வருஷம் ஒரே வீட்டில் அவரும் நானும் முகம் பார்க்காமல் இருந்திருக்கிறோம். வீட்டில் சோறு பொங்க ஆள் இருந்தால்தான் உன்னைக் குருமடத்துக்கு விடுவேன் என்றாராம். ஆளை நீ தயார் செய்துவிட்டாய்.

துலி, துலிஸ்தி, துலித், துலிமுஸ், துலிஸ்திஸ், துலேருந்த். சரியா? சரிபார்க்க உன்னிடம் நோட்டு இல்லை. உனக்காக மன்றாட்டு எதுவும் சொல்லவில்லை.

அப்பா உனக்குக் கடிதம் எழுதச் சொன்னார், “அந்தப் பயல வையி” என்று. எனக்கு வையத் தெரியாது.

இன்று காலை நானே தபாலாபீசுக்குப் போனேன். எப்போதும் கூசுவேன் அல்லவா, ஜன்னலுக்கு அந்தப் பக்கம் இருந்தவர் யாருக்கு என்று இரண்டு முறை கேட்டார். மூன்றாவது முறை சத்தமாகச் சொன்னேன்: “மதுரைக் குருமடம், அதிபர் சாமிக்கு.” கடைசித் தாளைப் பிரித்தபடியே வைத்து, நோட்டை ரிஜிஸ்டர் செய்தேன்.

ரசீதை இதன் அடியில் சோற்றுப் பருக்கையால் ஒட்டியிருக்கிறேன்.

ஜெயமேரி