ஆமை பார்க்க வந்தவள்

ஜனவரி 8

அன்பு வாலுக்கு,

அப்பா எழுதுவது. போன கடிதத்துக்கு நீ போட்ட பதில் இரண்டே வரி. 'நலம். வேலை அதிகம்.' தந்திகூட இதைவிட நீளமாக இருக்கும். போகட்டும், அந்த இரண்டு வரியைச் சட்டைப்பையில் வைத்துக்கொண்டுதான் தினமும் படகு ஓட்டுகிறேன்.

இப்போது கடல் குளம் மாதிரி கிடக்கிறது. பாறைத் திட்டுக்கு உள்பக்கம் இரண்டு ஆள் உயரத் தண்ணீர், அடியில் கடற்புல். ஆமைகள் மாடு மாதிரி மேய்கின்றன. அவ்வப்போது மேலே வந்து ஒரு மூச்சு வாங்கிக்கொண்டு மறுபடி இறங்கும். முகக்கண்ணாடியும் குழாயும் மாட்டிக்கொண்டு குப்புற மிதந்தால் போதும், நம் வயிற்றுக்குக் கீழேயே போகும். பெரிய பெரிய ஆட்களெல்லாம் குழாய்க்குள்ளேயே 'ஓ' என்று கத்துகிறார்கள். அப்போதெல்லாம் உன்னை நினைத்துக்கொள்வேன். மீன் தொட்டியில் மூக்கை அழுத்திக்கொண்டு நிற்பாயே.

மார்ச்சில் வா. கரையோரமாகவே அறை பிடித்து வைக்கிறேன். பதிலை வீட்டு விலாசத்துக்குப் போடாதே, படகுத்துறைக்குப் போடு. போனும் வேண்டாம், அது யார் கையில் இருக்கும் என்று சொல்ல முடியாது.

அம்மாவுக்கு முட்டி வலி தேவலையா?

உன்னை மறக்காத,
அப்பா


ஜனவரி 25

அன்புள்ள அப்பாவுக்கு,

அம்மாவின் முட்டி அப்படியேதான் இருக்கிறது. தையல் கடையில் பொத்தான் கட்டிக்கொண்டே உங்கள் கடிதத்தைப் படிக்கச் சொல்லிக் கேட்டாள். "போறதுன்னா போ. ஆனா நீச்சல் கத்துக்கிட்டுப் போ. அந்த மனுஷனை நம்பித் தண்ணியில இறங்காதே" என்றாள்.

அதனால் நீச்சல் குளத்தில் சேர்ந்திருக்கிறேன். காலை ஆறு மணிக்கு. கூடப் படிப்பவர்களுக்கு ஏழெட்டு வயது. "ஆன்ட்டி, தள்ளுங்க" என்று முந்திக்கொண்டு போகிறார்கள். எட்டரைக்கெல்லாம் எக்ஸ்ரே அறையில் இருக்க வேண்டும். 'மூச்சை இழுத்துப் பிடிங்க, இப்ப விடுங்க' என்று நாள் முழுக்க ஊருக்கே சொல்பவளுக்குத் தண்ணீரில் அது வரமாட்டேன் என்கிறது.

ஒன்று கேட்கிறேன், நேராகப் பதில் எழுதுங்கள். உங்கள் வீட்டில் என்னைப் பற்றித் தெரியுமா? ஒளித்து வைக்கவேண்டிய ஆளாக வர எனக்கு இஷ்டமில்லை. தெரியாது என்றால் தெரியாது என்றே எழுதுங்கள். கோபப்பட மாட்டேன். எனக்குப் பன்னிரண்டு வயதில் 'நாளைக்கு வந்துடுறேன்' என்று சொல்லிவிட்டுப் போனீர்கள். பத்தொன்பது வருஷம் ஆகிவிட்டது. இன்னொரு தரம் ஏமாறத் தெம்பில்லை.

மகள்


பிப்ரவரி 6

அன்பு வாலுக்கு,

எல்லோருக்கும் தெரியும். எல்லாம் சொல்லிவிட்டேன். உன் தங்கைக்குப் பதினைந்து வயது, படகில் எனக்கு ஒத்தாசை. அக்கா எப்போது வருவாள் என்று என்னை நச்சரிக்கிறாள். மனசில் ஒன்றும் வைத்துக்கொள்ளாமல் கிளம்பி வா. யாரும் வாய் வைக்காத புதுக் குழாய் ஒன்று உனக்கென்று எடுத்து வைத்திருக்கிறேன்.

வழி மேல் விழி வைத்திருக்கும்,
அப்பா


மார்ச் 19

அப்பாவுக்கு,

வீடு வந்து சேர்ந்துவிட்டேன். முதுகு முழுக்கத் தோல் உரிகிறது.

துறையில் என்னைக் கண்டதும் ஓடி வந்தீர்கள். நான் வாயைத் திறப்பதற்குள் திரும்பி, "டவுன்லருந்து வந்த டூரிஸ்ட்டும்மா, நல்லபடியா கவனிச்சுக்கோ" என்று அந்தப் பெண்ணிடம் சொன்னீர்கள். அவள் சிரித்துக்கொண்டே எனக்கு லைஃப் ஜாக்கெட் மாட்டிவிட்டாள். அவளுக்கு என் முகவாய். எனக்கு உங்கள் முகவாய்.

ஒரு படிவம் கொடுத்தாள். ஆபத்து என்றால் யாருக்குத் தெரிவிப்பது என்ற இடத்தில் 'அப்பா' என்று எழுதினேன். பக்கத்தில் உங்கள் பெயரைத் தொடங்குமுன் குனிந்து, "வேற யாரையாவது போடும்மா" என்று மெதுவாகச் சொன்னீர்கள். அடித்துவிட்டு அம்மாவை எழுதினேன்.

ஆமையைப் பார்த்தேன். குறை சொல்ல மாட்டேன், அவ்வளவு அழகு. ஓட்டில் பாசி படிந்திருந்தது. நான் ஒருத்தி இருப்பதையே லட்சியம் பண்ணாமல் புல்லைக் கடித்து இழுத்துத் தின்றது. நீங்கள் என் கையைப் பிடித்துக்கொண்டு விரலால் காட்டினீர்கள். தண்ணீருக்குள் யாரும் யாருக்கும் எதுவும் சொல்ல முடியாது. அந்த ஐந்து நிமிடம் நான் உங்கள் மகளாக இருந்தேன். தலையை வெளியே தூக்கியதும் கையை விட்டுவிட்டீர்கள்.

கரைக்குத் திரும்பும்போது அவள் துண்டு கொடுத்துவிட்டுக் கேட்டாள்: "உங்க அப்பா என்ன பண்றாருக்கா?"

நீங்கள் முதுகைக் காட்டிக்கொண்டு படகை ஓட்டிக்கொண்டிருந்தீர்கள். உங்கள் காதில் விழுந்தது எனக்குத் தெரியும்.

"இல்லம்மா" என்றேன்.

"அய்யோ, சாரிக்கா" என்று தோளைப் பிடித்துக்கொண்டாள். நீங்கள் திரும்பவில்லை. மூன்று நாள் தங்க வந்தவள் அன்று மாலையே பஸ் ஏறிவிட்டேன்.

எல்லோருக்கும் தெரியும் என்று ஏன் எழுதினீர்கள்? நான் எதற்கு அங்கே வரவேண்டும்?

மகள்


ஏப்ரல் 2

அன்பு வாலுக்கு,

நிஜத்தை எழுதினால் நீ வரமாட்டாய். உன் முகத்தைப் பார்க்காமலே போய்ச் சேர்ந்துவிடுவேனோ என்ற பயத்தில் எழுதிவிட்டேன். படகு மாமனாருடையது, வீடும் அவருடையது. எனக்கு முன்னால் ஒரு குடும்பம் இருந்தது என்று இங்கே யாருக்கும் நான் சொன்னதில்லை. இத்தனை வருஷம் கழித்து எந்த வாயால் சொல்வது? ஆனால் உன் கையைப் பிடித்தது பொய்யில்லை, வாலு. அதை மட்டுமாவது நம்பு.

இப்போது ஒரு உதவி. நான் குனிந்து சொன்னதும் நீ படிவத்தில் 'அப்பா' என்பதை அடித்ததைச் சின்னவள் கவனித்து, வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்திருக்கிறாள். அன்றிலிருந்து என் முகத்தையே பார்த்துக்கொண்டிருக்கிறாள். உன் ஆஸ்பத்திரி விலாசமும் அந்தப் படிவத்தில் இருக்கிறது. அவள் எழுதினால் இல்லை என்று ஒரு வார்த்தை சொல்லிவிடு. என் குடும்பம் உன் கையில் இருக்கிறது.

கெஞ்சிக் கேட்கும்,
அப்பா


ஏப்ரல் 27

அப்பாவுக்கு,

எழுதினாள். நோட்டுத் தாளில் மூன்று பக்கம். 'அன்புள்ள அக்கா' என்று ஆரம்பித்திருந்தாள். கணக்கு சுத்தமாக வராதாம். கூடப் பிறந்தவர்கள் இல்லாமல் போரடிக்கிறதாம். கடைசியில், 'நீங்க எங்க அப்பாவோட பொண்ணா? ஆமான்னு சொன்னா எனக்குக் கோபமே வராது, சந்தோஷமா இருக்கும்' என்று கேட்டிருந்தாள்.

நாலு நாள் அதைக் கைப்பையில் வைத்துக்கொண்டு திரிந்தேன். "உள்ளதைச் சொல்லு. நாம பட்டது போதும்" என்றாள் அம்மா. சொல்லத்தான் உட்கார்ந்தேன். 'ஆமாம்' என்று எழுதியும்விட்டேன். பிறகு, இது தெரிந்த அன்றைக்கு அந்த வீட்டிலிருந்து யார் கிளம்பிப் போவார் என்று நினைத்துப் பார்த்தேன். உங்களுக்குப் போவது பழக்கம். வாசலைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருப்பது எனக்குப் பழக்கம், அவளுக்கு இல்லை. எழுதியதைக் கிழித்துவிட்டு, 'இல்லம்மா, நீ தப்பாப் புரிஞ்சுக்கிட்டே' என்று எழுதித் தபாலில் சேர்த்தேன். உங்களுக்காகச் செய்ததாக நினைத்துக்கொள்ள வேண்டாம்.

இனி எனக்கு எழுதாதீர்கள். வந்தால் பிரிக்காமல் திருப்பி அனுப்பிவிடுவேன்.

அவளுடைய பதில் நேற்று வந்தது. ஒரே வரிதான். 'மன்னிச்சிடுங்க மேடம், இனிமே தொந்தரவு பண்ண மாட்டேன்.'

இப்படிக்கு,
உங்கள் மூத்த மகள்