வெள்ளத்து மண்ணுக்கு அடியில்

அன்பு மகளுக்கு அம்மா எழுதுவது. எங்கள் இருவர் உடம்புக்கும் ஒன்றும் இல்லை, நீயும் மாப்பிள்ளையும் பிள்ளைகளும் சுகமாக இருக்கவேண்டும். போனில் சொல்ல எனக்கு வாய் வரவில்லை, அதனால் எழுதிக் கூரியரில் அனுப்புகிறேன். படிக்கும்போது மாப்பிள்ளையைப் பக்கத்தில் உட்காரச் சொல். உன் தம்பி கிடைத்துவிட்டான், உயிரோடு இல்லை.

ஏரியில் வண்டல் ஏறிப்போய்த் தண்ணீர் நிற்க இடமில்லை என்று இந்த வருஷம் வடித்துத் தூர் வாருகிறார்கள். அணைச்சுவர் ஓரம் தோண்டும்போது ஒரு பச்சைப் படகு தட்டுப்பட்டது என்று லாரிக்காரர் வந்து சொன்னதும் அப்பா செருப்புகூடப் போடாமல் ஓடினார், நானும் பின்னாலேயே போனேன். வெள்ளத்தன்று அக்கரையில் மாட்டிக்கொண்ட பம்ப் ஆபரேட்டரைக் கூட்டிவரப் போனானே, அதே படகு. ஆபரேட்டரை வேறு ஆட்கள் மீட்டு வந்தார்கள், இவன்தான் வரவில்லை. முந்தின நாள் வேலை விஷயமாக அப்பாவோடு சண்டை அல்லவா, அந்தக் கோபத்தில் அக்கரை ஏறி எங்கோ போய்விட்டான் என்றே இத்தனை வருஷமும் அப்பா சாதித்தார். கல்நெஞ்சுக்காரன், ஒரு போன் போட விரல் வலிக்குதா என்று திட்டுவார், போன் அடித்தால் முதலில் ஓடுவதும் அவர்தான்.

அங்கே இருந்த இன்ஜினியர் பெண்ணுக்கு உன் வயசுதான் இருக்கும். வெட்டின பள்ளத்தின் பக்கவாட்டைக் காட்டினாள். ஆறு ஓடுகிறவரைக்கும் மண்ணைத் தூக்கிக்கொண்டு வருமாம், ஏரிக்குள் நுழைந்து வேகம் தளர்ந்ததும் கல்லும் மணலும் நுழைவாயிலிலேயே விழுந்துவிடும், மாவு போன்ற களிமண் மட்டும் அணை வரைக்கும் மிதந்து வந்து மெல்ல மெல்லப் படியுமாம். வருஷத்துக்கு ஒரு படலம், கோடு கோடாகத் தெரிந்தது. வெள்ள வருஷத்துப் படலம் மட்டும் ஒரு முழத் தடிப்பு, செம்மண் நிறம். படகு அதற்கும் கீழே கிடந்தது. அப்பா பள்ளத்தில் இறங்கி அந்தச் செம்மண் கோட்டைத் தொட்டுப் பார்த்தார்.

"அப்ப அன்னிக்கே போயிட்டானாம்மா?" என்று அந்தப் பெண்ணிடம் கேட்டார்.

அவள் சுற்றி வளைக்கவில்லை. "ஆமாங்கய்யா, வெள்ளத்து மண்ணு படியறதுக்கு முன்னாடியே படகு கீழ போயிருக்கு" என்றாள்.

படகைத் தூக்கியபோது அடியில் இருந்தான். எலும்புதான், ஆனால் களிமண் அவனைக் கலைந்துபோக விடவில்லை. சின்ன வயசில் கால் ஒடிந்து பிளேட் வைத்தோமே, அதுகூட அப்படியே இருந்தது. அப்பா சேற்றில் மண்டியிட்டு அவரே ஒவ்வொன்றாக எடுத்துத் துணியில் வைத்தார், யாரையும் தொடவிடவில்லை. ஆஸ்பத்திரியில் எழுத்து வேலை முடிந்து நம்மிடம் கொடுக்க நாளாகுமாம், நீ வந்த பிறகுதான் அடக்கம் என்று அப்பா சொல்லிவிட்டார். இப்போது அவனைத் திட்டுவதே இல்லை, அதைத்தான் என்னால் தாங்க முடியவில்லை. கோபம் இருந்தவரைக்கும் பிள்ளை எங்கோ இருந்தான்.

டிக்கெட் போட்டதும் சொல், பிள்ளைகளையும் கூட்டி வா, நேரத்துக்குச் சாப்பிடு. நீங்கள் எல்லோரும் நோய் நொடியில்லாமல் நீண்ட நாள் இருக்கவேண்டும். ஒன்று மட்டும் கேள் கண்ணு. ரயில் நிலையத்தில் அவன் சாயலில் ஒருத்தனைப் பார்த்துப் பின்னாலேயே ஓடினேன் என்று ஒருதரம் அழுதாயே. இனிமேல் கூட்டத்தில் யார் முகத்தையும் பார்த்துக்கொண்டு நிற்காதே, உன் வழியைப் பார்த்துப் போ.

உன்னையும் அவனையும் பெற்ற
அம்மா