மூன்றாவது பாடம், ஒன்பதாவது நிமிடம்

பெரியகுளம்
12.10.2025

திரு. ஹக்கீம் அவர்களுக்கு,

உன் எண்ணை என் போனில் தடுத்து வைத்து இரண்டு வருடம் ஆகிறது. அதை மாற்றும் எண்ணம் இல்லை. அதனால்தான் இந்தக் கடிதம். கம்பம் பஸ் ஓட்டும் அம்மாவாசி இதை உன் கடையில் கொடுப்பார். பதிலையும் அவரிடமே கொடு.

ஜக்கம்மாவின் லேப்டாப் ஆன் ஆகவில்லை. கொரோனா சமயத்தில் அவள் வீட்டிலிருந்து ஒன்பதாம் வகுப்புக்கு நடத்திய கணக்குப் பாடங்கள் முப்பத்தொன்று அதில் பதிவாகியிருக்கின்றன. அவள் குரல் வேறெங்கும் இல்லை. என் போனில் இருந்தது பழைய போனோடு போயிற்று. இங்கே கடையில், "எல்லாத்தையும் அழிச்சிட்டுப் புதுசாத்தான் போடணும் சார்" என்றான். பிடுங்கிக்கொண்டு வந்துவிட்டேன்.

உன்னை மன்னித்துவிட்டதாக எண்ண வேண்டாம். அவள் மார்பில் கட்டி இருப்பது உனக்கும் உன் மனைவிக்கும் எனக்குத் தெரிவதற்கு நான்கு மாதம் முன்பே தெரியும். ஆசியா அவளை மதுரை ஆஸ்பத்திரிக்குக் கூட்டிப்போய் வந்திருக்கிறாள். புருஷன் எனக்குக் கடைசியில்தான் தெரிந்தது. கல்லூரியில் பக்கத்துப் பக்கத்து பெஞ்சில் உட்கார்ந்தவன் செய்கிற காரியமா அது? தொழில் தெரிந்தவன் என்பதால் கேட்கிறேன். வேறொன்றும் இல்லை.

ல. லிங்கேஸ்வரன், எம்.எஸ்ஸி., பி.எட்.


கம்பம்
14.10.2025

அன்பு மாப்ளைக்கு,

அல்லாவின் கிருபையால் இங்கே எல்லோரும் சுகம். உன் கையெழுத்தைப் பார்த்ததும் ஆசியா அடுப்பை அணைத்துவிட்டு வந்து நின்றாள். "அண்ணன் நேரத்துக்குச் சாப்புடுறாகளான்னு கேட்டு எழுதுங்க" என்றாள். கேட்டுவிட்டேன்.

முதலில் சார்ஜரைச் சொருகிப் பார். ஓரத்தில் சின்ன விளக்கு எரிகிறதா? எரிந்தால் சார்ஜர் நன்றாக இருக்கிறது. பிறகு அதைக் கழற்றிவிட்டு, பவர் பட்டனை முப்பது எண்ணும்வரை அழுத்திப் பிடி. உள்ளே தங்கின மின்சாரம் இறங்கட்டும். மறுபடி சொருகி ஆன் செய். இல்லையென்றால் பெட்டியை அனுப்பிவை. எதையும் அழிக்க மாட்டேன்.

மற்ற விஷயம்: உன் மகள் ஓவியாவின் பிளஸ் டூ பரீட்சை முடியும்வரை யாரிடமும் சொல்லக் கூடாது என்று தங்கச்சி ஜக்கம்மா எங்களிடம் சத்தியம் வாங்கினாள். அவள் இறந்த பிறகு இதை உன்னிடம் நேரில் சொல்ல மூன்று முறை வந்தேன். நீ கதவைத் திறக்கவில்லை.

உன் ஹக்கீம்


பெரியகுளம்
18.10.2025

ஹக்கீமுக்கு,

விளக்கு எரிகிறது. பட்டன் அழுந்தவே இல்லை, கல் போல இருக்கிறது. இருபத்தாறு வருடம் இயற்பியல் நடத்துகிறவனுக்கு நீ மின்சாரம் இறங்குவதைச் சொல்லித்தர வேண்டாம்.

பெட்டியை அம்மாவாசியிடம் கொடுத்திருக்கிறேன். கடவுச்சொல் சீட்டில் இருக்கிறது. மகள் பரீட்சைதான் காரணம் என்றால், மகள் தூங்கின பிறகு என்னிடம் சொல்லியிருக்கலாமே? நான் என்ன ஊரைக் கூட்டியிருப்பேனா? சத்தியமாம். சாப்பாடு நானே பொங்கிக்கொள்கிறேன் என்று உன் மனைவியிடம் சொல்.

லிங்கேஸ்வரன்


கம்பம்
21.10.2025

அன்பு மாப்ளைக்கு,

ஆயுத பூஜைக்குச் சந்தனம் வைத்தாயா? எல்லோரும் மூடி மேல் ஒரு பொட்டு வைப்பார்கள். நீ திறந்து, பவர் பட்டன் மேலேயே அப்பியிருக்கிறாய். தண்ணீராகக் கரைத்த சந்தனம் பட்டனுக்குள் இறங்கிக் காய்ந்து கெட்டியாகிவிட்டது. வேறு கோளாறே இல்லை. எம்.எஸ்ஸி. இயற்பியல்!

வருடா வருடம் இந்தப் பூஜை முடிந்ததும் எனக்கு இதே வேலைதான். போன வாரம் ஒரு ஜெராக்ஸ் மிஷினுக்குள் எலுமிச்சம்பழத் துண்டு கிடந்தது. "பக்கீர் முகம்மது மகன் ஊருக்கெல்லாம் சந்தனம் சுரண்டுறாரு" என்று ஆசியா சிரிக்கிறாள்.

ஆன் ஆகிவிட்டது. பாடங்கள் முப்பத்தொன்றும் அப்படியே இருக்கின்றன. எண்ணினேன், திறக்கவில்லை. முதலில் கேட்க வேண்டியவன் நீ.

உன் ஹக்கீம்


பெரியகுளம்
27.10.2025

ஹக்கீமுக்கு,

என்ன வேலை பார்த்து அனுப்பியிருக்கிறாய்? படம் வருகிறது, சத்தம் வரவில்லை. கடைசியில் நடத்திய பாடங்களிலிருந்து பின்னோக்கிப் பத்துப் பன்னிரண்டு போட்டுப் பார்த்தேன். அவள் வாய் அசைகிறது. ஒலியை முழுதாக வைத்துக் காதை ஒட்டினால்தான் ஏதோ முணுமுணுப்பு கேட்கிறது. சந்தனத்தோடு சேர்த்து ஸ்பீக்கரையும் சுரண்டிவிட்டாயா?

அன்றைக்கும் என்னிடமிருந்து எடுத்துக்கொண்டாய், இன்றைக்கும் எடுத்துக்கொண்டாய். திரும்ப அனுப்புகிறேன். சரிசெய்து கொடு. அதோடு நம் கணக்கு முடிந்தது.

லிங்கேஸ்வரன்


கம்பம்
30.10.2025

மாப்ளைக்கு,

ஸ்பீக்கரில் குறை இல்லை. ரேடியோச் செய்தியைப் போட்டேன், எதிர் டீக்கடையில் திரும்பிப் பார்த்தார்கள். சோதிப்பதற்காகத் தங்கச்சியின் பதிவுகளைத் திறக்க வேண்டியதாயிற்று. பொறுத்துக்கொள்.

முதல் இரண்டு பாடங்களில் குரல் கணீரென்று இருக்கிறது. மூன்றாவதில் ஒன்பதாவது நிமிடத்திலிருந்து குறைகிறது. அதற்கப்புறம் எந்தப் பாடத்திலும் ஏறவில்லை. மெஷின் குறைக்கவில்லை, மாப்ள. அவளே குறைத்துப் பேசியிருக்கிறாள். அந்த இடத்தில் என்ன இருக்கிறது என்று நான் எழுத மாட்டேன். நீயே கேள்.

எங்கள் வீட்டுக்கு வந்தால் அவள் பேசுவது தெருமுனை வரை கேட்கும். மெதுவாகப் பேசி நாங்கள் பார்த்ததே இல்லை.

ஹக்கீம்


பெரியகுளம்
9.11.2025

ஹக்கீமுக்கு,

கேட்டேன். பத்து நாளாகக் கேட்டுக்கொண்டிருக்கிறேன்.

முக்கோணம் நடத்துகிறாள். பிள்ளைகள் ஏதோ சொல்ல, சிரிக்கிறாள். அப்போது உள்ளறையிலிருந்து என் குரல்: "ஏய், என்னடி சந்தக்கடை மாதிரி? இங்கன ஒரு மனுசன் இருக்கானா இல்லையா?" படத்தில் அவள் முகம் திரும்புகிறது. சிரிப்பு நிற்கிறது. அப்புறம் கேமராவைப் பார்த்து, "சார் வேலையா இருக்காக. நாம மெதுவாப் பேசிக்கிருவோம், என்ன?" என்கிறாள். பிள்ளைகள் சரி டீச்சர் என்கின்றன. அந்தப் பாடத்தின் மிச்சமும், அதற்குப் பின் இருபத்தெட்டுப் பாடமும் அந்தக் குரலில்தான்.

நான் அப்படிச் சொன்னது எனக்கு நினைவே இல்லை. என்னை யார் யார் என்ன சொன்னார்கள் என்பதைத் தேதி கிழமையோடு வைத்திருக்கிறேன். இது மட்டும் இல்லை.

ஏன் சொல்லவில்லை என்று இரண்டு வருடமாக உன்னைக் கேட்டுக்கொண்டிருந்தேன். நீ பதில் சொல்லும் இடத்தில் இல்லை. பரீட்சை என்று அவள் உங்களிடம் சொன்னதும் முழுக் காரணம் இல்லை என்று நினைக்கிறேன். உங்கள் வீட்டில் அவளுக்குப் பேச முடிந்திருக்கிறது.

வருகிற ஞாயிற்றுக்கிழமை முதல் பஸ்ஸில் வருகிறேன். உன்னிடம் என்ன சொல்வது என்று தெரியவில்லை. எதையாவது சொல்லத் தொடங்கித் தப்பாக முடிப்பேன், அதனால் உன்னிடம் ஒன்றும் சொல்லாமல் இருக்கலாம். ஆசியாவிடம்தான் கேட்க வேண்டியிருக்கிறது. வியாதியைப் பற்றி வேண்டாம். உங்கள் வீட்டில் அவள் எதற்கெல்லாம் சிரித்தாள், என்ன கதை பேசினாள் என்று சொன்னால் போதும். அவள் பேசின அதே சத்தத்தில் சொல்லச் சொல்.

நான் குறுக்கே பேச மாட்டேன்.

லிங்கேஸ்வரன்